8'×4' பிளைவுட் ஏன் சேவ் ஆகவில்லை? டேட்டாபேஸ் க்வெரிகளில் எஸ்கேப் குறிகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையோரக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிற எவரும் இந்தச் சிக்கலைச் சந்திக்காமல் தப்பிக்க முடியாது. பெரும்பாவூரிலிருந்து பிளைவுட் லோடு வந்து இறங்குகிறது. கடைக்காரர் சரக்கின் பெயரை 8'×4' பிளைவுட் என்று அடித்து சேவ் கொடுக்கிறார். திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது. அடுத்து வருகிற வாடிக்கையாளரின் பெயர் டி'குரூஸ் என்றால் அங்கேயும் அதே கதைதான். கடைக்காரர் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. அளவை எல்லோரும் எழுதுவது போலத்தான் அவரும் எழுதினார். அதை உள்ளபடியே வாங்கி வைப்பது நம் வேலை.

அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று கீழே படிப்படியாகச் சொல்கிறேன். க்வெரியில், அதாவது டேட்டாபேஸுக்கு நாம் அனுப்பும் கட்டளையில், வரும் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மேற்கோள், பின்சாய்வு, சதவீதக் குறிகளை மட்டும் இங்கே இருக்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டேட்டாபேஸ் அந்த வரியை எப்படி வாசிக்கிறது

அடியைக் குறிக்க நாம் போடும் சின்னக் கோடும், க்வெரி எழுதும் எஸ்கியூஎல் மொழியில் ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) திறந்து மூடும் ஒற்றை மேற்கோளும் ஒரே எழுத்துதான். ஆஸ்கி எண் 39. இது அடி, இது மேற்கோள் என்று பிரித்துப் பார்க்க டேட்டாபேஸுக்கு வழியே இல்லை.

செலக்ட் * ஃப்ரம் சரக்கு வேர் பெயர் = '8'×4' பிளைவுட்'

இதை டேட்டாபேஸ் இடமிருந்து வலமாக வாசிக்கிறது. முதல் மேற்கோளில் ஸ்ட்ரிங் திறக்கிறது, 8 என்ற எழுத்துக்குப் பிறகு மூடிவிடுகிறது. அடுத்து வருகிற ×4 அதற்குப் புரியாத ஏதோ ஒன்று. அப்புறம் ' பிளைவுட்' என்று புதிதாக ஒரு ஸ்ட்ரிங். ஆகவே ×4 பக்கத்தில் இலக்கணப் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

'டி'குரூஸ்' என்று எழுதினால் பிழை வேறு மாதிரி வரும். இங்கே மேற்கோள்கள் மூன்று. கடைசி மேற்கோள் ஒரு ஸ்ட்ரிங்கைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் "மூடப்படாத ஸ்ட்ரிங்" என்று புகார் செய்யும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் கட்டளைத் திரையில் அடித்துக்கொண்டிருந்தால் பிழைகூட வராது. அடுத்த வரியின் தொடக்கத்தில் '> என்று காட்டிவிட்டுக் காத்திருக்கும். கணினி உறைந்துவிட்டது என்று பலர் ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். ஒரு மேற்கோளை அடித்து ஸ்ட்ரிங்கை மூடி, பிறகு ; கொடுத்தால் போதும், வெளியே வந்துவிடலாம்.

பிழைச் செய்தியைப் பார்த்ததும் மேற்கோள்களை எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் ஏதோ ஒன்று மூடப்படவில்லை. இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் எங்கோ தவறான இடத்தில் மூடித் திறந்திருக்கிறது.

முதல் படி: மதிப்பைக் க்வெரிக்குள் ஒட்டவே ஒட்டாதீர்கள்

ஒரு குறிக்கு இருக்கும் தனிப்பொருளை நீக்கி வெறும் எழுத்தாக்குவதுதான் எஸ்கேப் செய்வது. அது பற்றிய வழிகாட்டியில் முதல் படியே எஸ்கேப் செய்யாமல் இருப்பதுதான். நிரலிலிருந்து க்வெரி போகிறது என்றால் மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இடக்குறியை மட்டும் வையுங்கள்; மதிப்பைத் தனியாக அனுப்புங்கள்.

இன்செர்ட் இன்டு சரக்கு (பெயர், விலை) வேல்யூஸ் (?, ?)

மதிப்புகள்: 8'×4' பிளைவுட் மற்றும் 2400

டேட்டாபேஸ் முதலில் கேள்விக்குறிகளோடு உள்ள க்வெரியைப் படித்து அதன் கட்டமைப்பை முடிவு செய்துகொள்கிறது. மதிப்புகள் அதன் பிறகுதான் வருகின்றன. மதிப்புக்குள் எத்தனை மேற்கோள் இருந்தாலும் க்வெரியை வாசிக்கும் பகுதி அதைப் பார்ப்பதே இல்லை. யாராவது பெயர்க் கட்டத்தில் ' ஆர் '1'='1 என்று அடித்து எல்லார் கணக்கையும் பார்க்க முயன்றாலும், அப்படி ஒரு விசித்திரமான பெயரைத் தேடி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். மேற்கோள் பிழையும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் தாக்குதலும் ஒரே ஓட்டையின் இரண்டு முகங்கள். டி'குரூஸ் என்ற பெயருக்கு உடைகிற நிரலை வேண்டுமென்றே உடைக்கவும் முடியும். அதனால்தான் பிழை வந்த ஒரு பெயரை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

இடக்குறியின் வடிவம் மொழிக்கு மொழி மாறும். ஜாவாவிலும் பைத்தானின் எஸ்கியூலைட் நூலகத்திலும் கேள்விக்குறி. பிஹெச்பியில் டேட்டாபேஸோடு பேசும் பகுதியான பிடிஓவில் கேள்விக்குறியும் உண்டு, முக்காற்புள்ளி வைத்த பெயரும் உண்டு. பைத்தானின் சைக்கோபிஜி நூலகத்தில் சதவீதக் குறியோடு ஆங்கில எஸ். அங்கே ஒரு நுணுக்கம்: மதிப்புகளோடு அனுப்பும் க்வெரியில் வெறும் சதவீதக் குறி வேண்டுமானால் %% என்று இரட்டிக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இடக்குறியைச் சுற்றி மேற்கோள் போட்டு '?' என்று எழுதுகிறார்கள். அது இடக்குறியாக இருக்காது, கேள்விக்குறி என்ற ஓர் எழுத்தாகிவிடும். மேற்கோள் இல்லாமல் வெறும் ? மட்டும் போதும்.

டேபிளின் பெயர், ஃபீல்டின் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது போன்றவற்றை இடக்குறியால் அனுப்ப முடியாது. அவை க்வெரியின் கட்டமைப்பைச் சேர்ந்தவை. பயனர் "விலைப்படி அடுக்கு" என்று கேட்டால், அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை நிரலில் வைத்துக்கொண்டு அதில் இருந்தால் மட்டும் க்வெரியில் சேருங்கள். அதே போல, இன் என்ற கட்டளைச் சொல்லுக்குப் பின் வரும் பட்டியலில் மூன்று மதிப்பு என்றால் மூன்று கேள்விக்குறி வேண்டும். ஒரே கேள்விக்குறிக்கு "1,2,3" என்று அனுப்பினால் முழுவதும் ஒரே மதிப்பாகிவிடும்.

இரண்டாம் படி: கையால் எழுதியே ஆக வேண்டும் என்றால்

அப்படிப்பட்ட நேரங்களும் உண்டு. தரவைத் திருத்த ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைத் திரையில் அவசரமாக ஒரு தேடல், டேபிளை உருவாக்கும்போது இயல்புமதிப்பு. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இதை வாசிக்கப்போவது எந்த டேட்டாபேஸ்?

இங்கே பேசும் எல்லா டேட்டாபேஸிலும் செல்லுபடியாகும் விதி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரிங்குக்குள் வரும் ஒற்றை மேற்கோளை இரட்டியுங்கள்.

'8''×4'' பிளைவுட்'

'டி''குரூஸ்'

அவை அடுத்தடுத்து வரும் இரண்டு ஒற்றை மேற்கோள்கள். விசைப்பலகையில் பக்கத்திலிருக்கும் இரட்டை மேற்கோளைப் போட்டால் வேலை ஆகாது. ஒரே ஒரு மேற்கோள் மட்டுமே மதிப்பு என்றால் நான்கு வரிசையாக வரும்: ''''. வெளியே இரண்டு திறந்து மூட, உள்ளே இரண்டு சேர்ந்து ஒன்று.

சிக்கல் பின்சாய்வில்தான் தொடங்குகிறது. கடையின் சரக்கு இருக்குமிடத்தை 'கோடவுன்\ரேக்' என்று எழுதுகிறோம் என்று வையுங்கள். எஸ்கியூலைட், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் மூன்றும் பின்சாய்வைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸும் 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து அப்படித்தான். மைஎஸ்கியூஎல் மட்டும், இயல்பு அமைப்பில், பின்சாய்வை எஸ்கேப் குறியாக வாசிக்கிறது. அடுத்து வரும் எழுத்துக்குத் தனிப்பொருள் இல்லை என்றால் பின்சாய்வைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். டேபிளில் 'கோடவுன்ரேக்' என்று ஏறும். பிழைச் செய்தி வராது. அடுத்து வருவது ஆங்கில என் எழுத்தாக இருந்தால் புதிய வரியாகிவிடும், டி எழுத்தாக இருந்தால் டேப் இடைவெளி. விண்டோஸ் கோப்புப் பாதைகள் மைஎஸ்கியூஎல்லில் சிதைவது இதனால்தான். அங்கே 'கோடவுன்\\ரேக்' என்று எழுதுங்கள்.

இன்னும் மோசமானது இது: மைஎஸ்கியூஎல்லில் மதிப்பு பின்சாய்வில் முடிந்தால், 'கோடவுன்\' என்பதில் பின்சாய்வு மூடும் மேற்கோளையே தின்றுவிடும். ஆகவே "மேற்கோளை இரட்டித்தால் போதும், பாதுகாப்பு" என்ற நம்பிக்கை அங்கே பொய். ஒருவர் \' என்று அடிக்கிறார். நாம் இரட்டித்தால் \'' ஆகிறது. பின்சாய்வு முதல் மேற்கோளை எழுத்தாக்கிவிடுகிறது, இரண்டாவது ஸ்ட்ரிங்கை மூடிவிடுகிறது, அதற்கு மேல் அவர் அடித்தது எல்லாம் கட்டளை. மைஎஸ்கியூஎல்லில் கையால் எழுதும்போது பின்சாய்வை முதலில் இரட்டியுங்கள், மேற்கோளைப் பிறகு. பின்சாய்வை எஸ்கேப் குறியாக வாசிக்கும் பழக்கத்தை அணைத்துவைக்க ஒரு எஸ்கியூஎல் மோடும் இருக்கிறது. ஆனால் பழைய நிரல்கள் பின்சாய்வை நம்பி எழுதப்பட்டிருந்தால் அதை மாற்றியதும் அவை உடையும். ஓடிக்கொண்டிருக்கும் கடையில் அதில் கை வைக்காதீர்கள்.

மேற்கோள் நிறைய வரும் நீண்ட உரைக்கு இரட்டித்து மாளாது. போஸ்ட்கிரெஸில் டாலர் மேற்கோள் இருக்கிறது: $$8'×4' பிளைவுட், டி'குரூஸ் ஆர்டர்$$ என்று எழுதினால் உள்ளே எதையும் தொட வேண்டாம். உள்ளேயே $$ வருமானால் இரண்டு டாலருக்கும் நடுவில் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆரக்கிளில் ஆங்கிலக் கியூ எழுத்து, மேற்கோள், சதுர அடைப்பு என்று தொடங்கி, அடைப்பும் மேற்கோளுமாக முடிக்கும் வடிவம் 10ஜி பதிப்பிலிருந்து உண்டு. இரண்டும் கண்ணுக்கு இதமானவை, ஸ்கிரிப்டில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ் திரையில் 'ஆணி & திருகு' என்று அடித்தால், & குறிக்குப் பின் வருவதை மாறியின் பெயர் என்று எண்ணி மதிப்பு கேட்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. இதைச் செய்வது டேட்டாபேஸ் இல்லை, அந்தத் திரை. செட் டிஃபைன் ஆஃப் என்று ஒருமுறை கொடுத்தால் அந்தப் பழக்கம் நிற்கும். கூடவே, ஆரக்கிளில் '' என்ற வெற்று ஸ்ட்ரிங்கும் நல் என்ற "மதிப்பே இல்லை" நிலையும் ஒன்றே.

இரட்டை மேற்கோளை ஸ்ட்ரிங்குக்குப் பயன்படுத்தாதீர்கள். எஸ்கியூஎல் தரத்தில் அது டேபிள், ஃபீல்டு பெயர்களுக்கானது. மைஎஸ்கியூஎல் இயல்பாகவே அதை ஸ்ட்ரிங்காக ஏற்கிறது. எஸ்கியூலைட் இன்னும் குழப்பும்: அந்தப் பெயரில் ஃபீல்டு இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்ளும். ஃபீல்டு பெயரில் ஒரு எழுத்துப்பிழை விட்டால்கூடப் பிழைச் செய்தி வராமல் தப்பான விடை வரும்.

லைக் தேடலில் இன்னொரு அடுக்கு

ஒரு பகுதியை மட்டும் வைத்துத் தேட உதவுவது லைக். அந்தத் தேடலில் % என்றால் எத்தனை எழுத்தும், _ என்றால் ஏதோ ஓர் எழுத்து. "10% தள்ளுபடி" என்று குறித்த பில்களைத் தேடினால் '%10%%' என்று எழுதத் தோன்றும். அது 100, 1045, 10 அடி என்று 10 வருகிற எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். எஸ்கேப் குறி எது என்று நாமே சொல்லிவிடுவதுதான் நல்லது:

வேர் குறிப்பு லைக் '%10!%%' எஸ்கேப் '!'

மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் லைக்குக்கு இயல்பான எஸ்கேப் குறி பின்சாய்வு. எஸ்கியூலைட், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வரில் இயல்பாக எதுவும் இல்லை. ஆச்சரியக்குறியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும், பின்சாய்வுக் கணக்கும் வேண்டாம்.

இடக்குறி வழியாக அனுப்பினாலும் இந்த வேலை நமக்கு மிச்சமிருக்கிறது. இடக்குறி மேற்கோளிலிருந்துதான் காப்பாற்றும், % குறிக்கும் _ குறிக்கும் லைக் கொடுக்கும் பொருளை அது தொடுவதில்லை. பயனர் அடித்ததில் முதலில் ! என்பதை !! ஆக்குங்கள், பிறகு % என்பதை !% ஆகவும் _ என்பதை !_ ஆகவும் மாற்றுங்கள், கடைசியில் இரு பக்கமும் % சேருங்கள். வரிசை முக்கியம். ஆச்சரியக்குறியைக் கடைசியில் மாற்றினால் நாம் போட்டதையே மறுபடி இரட்டித்துவிடுவோம். எஸ்கியூஎல் சர்வரில் [ குறிக்கும் தனிப்பொருள் உண்டு, அதையும் பட்டியலில் சேருங்கள்.

தமிழில் _ குறி எதிர்பாராத விடை தரும். சித்தூர் என்ற ஊர்ப்பெயரில் நம் கண்ணுக்கு சி, த், தூ, ர் என நான்கு எழுத்து. யூனிகோடில் அது எட்டு: ச, இகரக்குறி, த, புள்ளி, த, ஊகாரக்குறி, ர, புள்ளி. போஸ்ட்கிரெஸிலோ மைஎஸ்கியூஎல்லிலோ லைக் '____' என்று நான்கு போட்டுத் தேடினால் சித்தூர் வராது. தமிழ்ச் சொல்லை எழுத்து எண்ணித் தேடும் வேலைக்கு _ குறியை நம்ப வேண்டாம்.

எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று எண்ணுங்கள்

பின்சாய்வுகள் பெருகிக்கொண்டே போவதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்து, வேலை செய்யும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் விடை இன்னொரு நாள் உடையும். கணக்கு எளிமையானது. டேட்டாபேஸுக்குப் போகும் வழியில் அந்த எழுத்துகளைச் சிலர் ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். பின்சாய்வுக்குப் பொருள் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு அடுக்கை உரிக்கிறார்கள்.

கோடவுன்\ரேக் என்பதை மைஎஸ்கியூஎல்லில் லைக் மூலம் தேடுவோம். கடைசியாக வாசிப்பது லைக். அதற்கு ஒரு பின்சாய்வு எழுத்தாகத் தெரிய வேண்டுமானால் \\ போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் வாசிப்பது ஸ்ட்ரிங்கைப் பிரிக்கும் பகுதி. அதிலிருந்து இரண்டு வெளியே வர நான்கு உள்ளே போக வேண்டும்: '%கோடவுன்\\\\ரேக்%'. இந்த வரியையே பைத்தானின் சாதாரண ஸ்ட்ரிங்குக்குள் எழுதினால் பைத்தானும் ஒரு வாசகர், எட்டு ஆகிறது. போஸ்ட்கிரெஸில் ஸ்ட்ரிங் பிரிக்கும் பகுதி பின்சாய்வைத் தொடாது, லைக் மட்டும் தொடும், ஆகவே '%கோடவுன்\\ரேக்%' போதும். உள்ளேயிருந்து வெளியே எண்ணிக்கொண்டு வாருங்கள், ஊகிக்கவே வேண்டாம்.

மைஎஸ்கியூஎல்லின் பேக்கப் கோப்பை எஸ்கியூலைட்டில் ஏற்ற முயன்று தோற்பவர்களுக்கும் இதுவே பதில். டம்ப் எனப்படும் அந்த மைஎஸ்கியூஎல் பேக்கப் கோப்பு மேற்கோளை \' என்று எழுதிவைக்கிறது. எஸ்கியூலைட்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. 'டி\'குரூஸ்' என்பதில் டி\ என்பதோடு ஸ்ட்ரிங் முடிந்துவிட்டதாக எண்ணும். கோப்பில் தேடி மாற்றுவதை விட, பழைய டேட்டாபேஸிலிருந்து வரிசை வரிசையாகப் படித்து இடக்குறி வழியாகப் புதியதில் எழுதும் சின்ன நிரல் ஒன்று எவ்வளவோ மேல். காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பான சிஎஸ்வி வழியாகப் போனால் அங்கே விதி வேறு: 3/4" குழாய் என்பதை முழுவதும் இரட்டை மேற்கோளில் வைத்து, உள்ளே இருப்பதை இரட்டித்து "3/4"" குழாய்" என்று எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் லோட் டேட்டா கட்டளை சிஎஸ்வியிலும் பின்சாய்வைத் தேடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழும் மலையாளமும் கலந்த தரவு

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். மூன்றும் 128 அல்லது அதற்கு மேல். மேற்கோளின் 39ஓ பின்சாய்வின் 92ஓ அதற்குள் ஒளிந்திருக்கவே முடியாது. மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் அப்படியே. சீனத்தின் ஜிபிகே குறியாக்கத்தில் 191, 92 இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து. 191, 39 என்று அனுப்பினால், குறியாக்கம் தெரியாத எஸ்கேப் நிரல் நடுவில் 92ஐச் செருகும், அது முன்னதோடு ஒட்டிக்கொள்ளும், மேற்கோள் தப்பித்துவிடும். எனவே டேட்டாபேஸ் இணைப்பின் குறியாக்கத்தை இணைக்கும்போதே யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். பிஹெச்பியின் பிடிஓ மைஎஸ்கியூஎல்லோடு பேசும்போது இயல்பாக இடக்குறிகளைத் தானே நிரப்பி அனுப்புகிறது, அங்கே இது இன்னும் அவசியம்.

எஸ்கியூஎல் சர்வரில் தமிழ் பெயர்கள் ????? என்று ஏறினால், பெரும்பாலும் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய என் எழுத்து விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் ஸ்ட்ரிங் கோட் பேஜ் எனப்படும் பழைய எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றப்படும், தமிழுக்கு அப்படி ஒரு கோட் பேஜ் கிடையாது. 2019 பதிப்பில் யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் அமைப்பு) வந்தது. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் தவிர அந்த எழுத்து கட்டாயம். ஏற்கெனவே கேள்விக்குறியானவற்றை மீட்க முடியாது.

எஸ்கேப் பிழை போலத் தோன்றி வேறு காரணத்தால் வருவதும் உண்டு. கொழிஞ்சாம்பாறை என்று டேபிளில் கண்ணெதிரே இருக்கும், '=' போட்டுத் தேடினால் வராது. ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். மலையாளச் சில்லெழுத்துகளும் (உயிர் சேராத மெய்களின் தனி வடிவங்களும்) இப்படித்தான். 2008இல் யூனிகோட் 5.1 தனிக் குறியீடு தருமுன் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்றோடு எழுதினார்கள். ஒகரத்துக்கு, உள்ளே வரும்போதே பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கான ஃபங்க்‌ஷன் உண்டு. சில்லெழுத்தை என்எஃப்சி மாற்றாது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். ஃபோனிலிருந்து வரும் வளைந்த மேற்கோளும் இதே ரகம்: டி’குரூஸ் எந்தக் க்வெரியையும் உடைக்காது, ஆனால் டி'குரூஸ் என்று தேடினால் கிடைக்காது.

ஏற்கெனவே கெட்டுப்போன தரவு

பழைய பிஹெச்பி மென்பொருளிலிருந்து மாறிய கடைகளில் டி\'குரூஸ், சில இடங்களில் டி\\\'குரூஸ் என்றுகூட பில்லில் அச்சாகிறது. உள்ளே வரும் எல்லாவற்றுக்கும் தானாகப் பின்சாய்வு போடும் மேஜிக் கோட்ஸ் என்ற வசதி பிஹெச்பியில் இருந்தது. 2012இல் வந்த 5.4 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். அது போட்டதன் மேல் நிரலும் போட்டு, எஸ்கேப் செய்த வடிவமே டேபிளுக்குள் போய்விட்டது. டேபிளில் மனிதர் எழுதியது மட்டும்தான் இருக்க வேண்டும். பேக்கப் எடுங்கள், பின்சாய்வுக்குப் பின் மேற்கோள் வரும் வரிசைகளை மட்டும் பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள், பிறகு அந்த ஜோடிகளை மட்டும் மாற்றுங்கள். எல்லாப் பின்சாய்வையும் அழித்தால் கோடவுன்\ரேக் போன்ற நியாயமானவையும் சேர்ந்து போய்விடும். முதலில் எழுதும் நிரலைத் திருத்திவிட்டுத்தான் தரவைத் துடைக்க வேண்டும்.

சோதனை

கீழேயுள்ள மதிப்புகளை ஒவ்வொன்றாகச் சேமித்து, திரும்பப் படித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை ஒன்றை நிரலோடு வைத்துக்கொள்ளுங்கள்:

8'×4' பிளைவுட்
3/4" குழாய்
டி'குரூஸ்
10% தள்ளுபடி
கடை_2
கோடவுன்\
\'
ஆணி & திருகு
மேல் ரேக் -- இடது, கீழே
கொழிஞ்சாம்பாறை
ஒரே ஒரு மேற்கோள்
வெற்று ஸ்ட்ரிங்

சேமித்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் தேடல் கட்டத்திலும் போட்டு, அந்த ஒரு வரிசை மட்டும் வருகிறதா என்று பாருங்கள். வெற்று ஸ்ட்ரிங்குக்கும், மற்ற மதிப்புகளுக்குள்ளும் வரும் அந்த ஒற்றை மேற்கோளுக்கும் மட்டும் தேடல் சோதனை பொருந்தாது. டேட்டாபேஸையோ அதோடு பேசும் நூலகத்தையோ புதிய பதிப்புக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும், கடைக்குக் கொண்டுபோகும் முன் இதை ஓட்டுங்கள்.